புது எஸ்எம்பிஎஸ், பழைய கேபிள்: தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள்

இந்த மாதமும் இப்படி ஒரு கம்ப்யூட்டர் ரிப்பேருக்கு வந்துவிட்டது. எஸ்எம்பிஎஸ் என்பது கம்ப்யூட்டருக்குள் எல்லாவற்றுக்கும் மின்சாரம் கொடுக்கும் பெட்டி. அதன் ஃபேன் சத்தம் தாங்கவில்லை என்று ஒருவர் நல்ல மாடுலர், அதாவது கேபிள்களைத் தனியாகக் கழற்றி மாட்டக்கூடிய எஸ்எம்பிஎஸ் ஒன்றை வாங்கியிருக்கிறார். தேர்வில் குறையே சொல்ல முடியாது. ஆனால் பெட்டியை மட்டும் மாற்றிவிட்டு, கேபினெட்டின் பின்பக்கம் டை போட்டு இறுக்கியிருந்த பழைய கேபிள்களை அப்படியே புதியதில் செருகிவிட்டார். சுவிட்சைப் போட்டதும் கருகல் வாடை. ஒரு எஸ்எஸ்டி, இரண்டு ஹார்ட்டிஸ்க், மூன்றும் போச்சு. குழந்தை பிறந்ததிலிருந்து எடுத்த படங்கள் அதில்தான் இருந்தன. வேறெங்கும் காப்பி இல்லை.

"கரெக்டா உள்ள போச்சே சார்!" இப்படி வருகிற எல்லாரும் சொல்வது இதைத்தான். உள்ளே போகத்தான் செய்யும், ஆபத்தே அதுதான். மதர்போர்டில் போகும் 24 பின், கிராபிக்ஸ் கார்டில் போகும் 8 பின், ஹார்ட்டிஸ்க், எஸ்எஸ்டியில் போகும் சாட்டா பவர் ஆகிய முனைகளுக்குப் பொதுவான தரம் உண்டு. எந்தக் கம்பெனி எஸ்எம்பிஎஸ் ஆனாலும் பொருந்தும். எஸ்எம்பிஎஸ்ஸில் செருகும் மறுமுனைக்கு அப்படி எந்த விதியும் கிடையாது. எந்தத் துளையில் 12 வோல்ட், எதில் 5 வோல்ட், எதில் கிரவுண்ட் என்பதைக் கம்பெனிக்குக் கம்பெனி மாற்றி வைக்கிறார்கள். பிளாஸ்டிக் கனெக்டர் மட்டும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும், 'டக்'கென்று உட்காரும். 5 வோல்ட் வரவேண்டிய கம்பியில் 12 வோல்ட் ஏறும். சாட்டா எஸ்எஸ்டி அந்த 5 வோல்ட்டை நம்பித்தான் ஓடுகிறது.

அடுத்த சமாதானம், "ரெண்டும் ஒரே பிராண்டுதான்". போதாது. ஒரே பிராண்டின் இரண்டு வரிசைகளை வெவ்வேறு தொழிற்சாலைகள் செய்து கொடுத்திருக்கலாம். கோர்செய்ர் தன் கேபிள்களில் டைப் 3, டைப் 4 என்று அச்சிட்டு, எது எதற்குச் சேரும் என்று தனி அட்டவணையே வெளியிட்டிருக்கிறது. சொந்தச் சரக்குக்கே அட்டவணை வேண்டியிருக்கும்போது, வேறு கம்பெனி கேபிளைக் கண்ணால் பார்த்து எப்படி முடிவு செய்கிறீர்கள்? முன்பாவது மஞ்சள் என்றால் 12, சிவப்பு என்றால் 5 என்று நிறம் காட்டிக்கொடுக்கும். இப்போது வருவது பெரும்பாலும் முழுக்கக் கறுப்பு.

எஸ்எம்பிஎஸ் கேபிளின் நுனியில் நீளத்துக்காகச் சேர்க்கும் எக்ஸ்டென்ஷன் கேபிள் வேறு விஷயம். அது பொதுத்தரம் உள்ள முனையில்தான் சேர்கிறது, தரமானதாக இருந்தால் பயமில்லை.

சத்தமில்லாததைத் தேடுகிறவர்களுக்கும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 80 பிளஸ் கோல்டு என்ற முத்திரை மின்சாரச் சிக்கனத்துக்குக் கொடுப்பது, சத்தத்துக்கு அல்ல. சத்தத்துக்கு, எஸ்எம்பிஎஸ்களைச் சோதித்துச் சான்று தரும் சைபனெட்டிக்ஸ் நிறுவனத்தின் லாம்ப்டா தரவரிசையைப் பாருங்கள். ஏ பிளஸ் பிளஸ் என்றால் சராசரி 15 டெசிபலுக்கும் கீழே. 135 அல்லது 140 மில்லிமீட்டர் ஃபேன், ஃப்ளூயிட் பேரிங் இருந்தால் நல்லது. சாதாரண ஐ5 பிராசஸர், ஆர்டிஎக்ஸ் 4060 கிராபிக்ஸ் கார்டு உள்ள சிஸ்டத்துக்கு நல்ல 550 வாட்ஸ் தாராளம். ஆயிரம் வாட்ஸ் வாங்கிக் காசை விடாதீர்கள். லோடு குறைவாக இருந்தால் ஃபேன் நின்றேவிடும் மாடல்களும் உண்டு. ஆனால் சித்திரை வெயிலில், ஏசி இல்லாத அறையில், அடிப்பக்க ஃபில்டரில் தூசி அடைத்துக் கிடந்தால் அந்த ஃபேன் ஓடத்தான் செய்யும். அதைப் பழுது என்று திருப்பிக் கொடுக்க அலையாமல் ஃபில்டரைக் கழற்றித் துடையுங்கள்.

சத்தம் போடும் பழைய எஸ்எம்பிஎஸ்ஸைத் திறந்து ஃபேனை மட்டும் மாற்றுவது வேண்டவே வேண்டாம். உள்ளே இருக்கும் பெரிய கெப்பாசிட்டரில் 400 வோல்ட் வரை தேங்கி நிற்கும். பிளக்கைப் பிடுங்கிவிட்டால் அது உடனே வடிந்துவிடும் என்று நம்பிக் கையை விடாதீர்கள்.

எஸ்எம்பிஎஸ் மாற்றுகிறீர்களா? பழைய கேபிள் ஒன்றுவிடாமல் வெளியே வரவேண்டும். டையை வெட்ட, திரும்பக் கட்ட ஒரு மணி நேரம் ஆகும், ஆகட்டும். புதிய பெட்டியில் வந்த கேபிள்களைத் தனிப் பையில் போட்டு மாடல் பெயரை எழுதி வையுங்கள். பழையதை விற்றால் கேபிளோடு சேர்த்துக் கொடுங்கள். சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெருவிலோ வேறெங்கோ, கேபிள் இல்லாமல் வரும் செகண்ட்ஹேண்ட் மாடுலரை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். வேறு வழியே இல்லை என்றால், டிரைவ் எதையும் இணைக்காமல் முதலில் சாட்டா முனையை மல்டிமீட்டரால் அளந்து பார்க்கட்டும், அதுவும் வேலை தெரிந்தவர் கையால்.

ஏற்கெனவே நடந்துவிட்டதா? இன்னொரு தடவை ஆன் செய்து பார்க்காதீர்கள். அதே மாடல் ஹார்ட்டிஸ்க்கின் போர்டைக் கழற்றி மாட்டினால் ஓடிவிடும் என்று வீடியோ பார்த்து இறங்காதீர்கள். அந்த டிஸ்க்குக்கே உரிய தகவல்கள் பழைய போர்டின் சிப்பில் இருக்கின்றன, அதையும் மாற்றிப் பொருத்தினால்தான் இன்றைய டிஸ்க்குகள் பெரும்பாலும் ஓடும். சில நேரம் போர்டில் உள்ள பாதுகாப்பு டையோடு மட்டும் ஷார்ட் ஆகி மற்றதைக் காப்பாற்றியிருக்கும், அப்படி இருந்தால் டேட்டாவை எடுத்துவிடலாம். டிரைவ்களைக் கைபடாமல் அப்படியே கொண்டுவாருங்கள், எரிந்த கேபிளையும் சேர்த்து.