ஆகஸ்ட் வரை கரையாத குளம்

அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில், ஹோம்ஸ், வேய்ன் மாவட்டங்களில், நவீன வசதிகள் பலவற்றை ஒதுக்கி வாழும் ஆமிஷ் கிறிஸ்தவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்களில் மிகக் கட்டுப்பாடானவர்கள் ஸ்வார்ட்ஸென்ட்ரூபர் பிரிவினர். வீட்டுக்கு மின்கம்பி கிடையாது, கார் கிடையாது. மற்ற ஆமிஷ் வீடுகள் பலவற்றில் இருக்கும் கேஸ் ஃபிரிட்ஜும் இவர்களுக்கு ஆகாது. ஆனால் நாலைந்து மாடு கறக்கும் சிறு பண்ணையில் பாலும் வெண்ணெயும் ஜூலை வெயிலிலும் கெடாமல் இருக்க வேண்டுமே. அதற்கான குளிர்ச்சியை அவர்கள் ஜனவரியிலேயே குளத்திலிருந்து அறுத்து வைத்துவிடுகிறார்கள்.

டிசம்பர் 25 போக, ஜனவரி 6-ஐயும் ‘பழைய கிறிஸ்துமஸ்’ என்று அனுசரிப்பது ஆமிஷ் குடும்பங்கள் பலவற்றின் வழக்கம். அந்த நாட்களில் பண்ணைக்காரரின் கண் குளத்தின் மேல்தான் இருக்கும். தண்ணீர் 4 டிகிரி செல்சியஸில்தான் மிக அடர்த்தியாக இருக்கும். அதற்கும் கீழே குளிர்ந்தால் லேசாகி மேலே வந்துவிடும். அதனால் குளம் மேலிருந்து உறைகிறது, அடியில் மீன் பிழைத்துக்கொள்கிறது. ஆனால் உறைந்த தகடே கீழே இருக்கும் தண்ணீருக்குப் போர்வையாகிவிடுவதால், ஐஸ் தடிக்கத் தடிக்க வளர்ச்சி மந்தமாகும். ஒரே அளவு குளிரில் முதல் 10 சென்டிமீட்டருக்கு ஆகும் காலத்தைப் போல மும்மடங்கு, அடுத்த 10 சென்டிமீட்டருக்கு ஆகும். மேலே பனி விழுந்தால் அது இன்னும் கனத்த போர்வை. குளத்தின் மேல் விழுந்த பனியை வழித்துத் தள்ளுவது குளிரை உள்ளே விடத்தான்.

25, 30 சென்டிமீட்டர் தடிப்பு வந்ததும் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் வாளும் கொக்கியுமாகக் கூடிவிடும். 40 சென்டிமீட்டர் சதுரத்தில், 25 சென்டிமீட்டர் தடிப்பில் அறுத்த ஒரு பாளம் சுமார் 37 கிலோ இருக்கும். தண்ணீரில் மிதக்கும்வரை சிறுவன்கூடக் கொக்கியால் தள்ளிக்கொண்டு போவான். கரையேற்றும்போதுதான் இடுப்பு பேசும்.

பாளங்களைக் கொட்டகைக்குள் இடைவெளியில்லாமல் நெருக்கி அடுக்கி, சுற்றிலும் ஒரு முழத்துக்குக் கிட்டத்தட்ட மரத்தூள் திணிக்கிறார்கள். நம்மூர் சர்பத் கடையில் ஐஸ் பாளத்தைச் சாக்கிலும் மரத்தூளிலும் புதைத்து வைப்பதும் இதே வித்தைதான். மரத்தூளுக்குத் தனியாகக் குளிர்ச்சி ஏதும் கிடையாது. துகள்களுக்கிடையே சிறைப்பட்ட காற்றுதான் வெப்பத்தைத் தடுக்கிறது. தூள் நனைந்தால் அந்தக் காற்றின் இடத்தில் தண்ணீர் வந்துவிடும். தண்ணீரோ காற்றைவிட இருபது மடங்குக்கும் மேல் வெப்பத்தைக் கடத்தும். எனவே ஐஸ் கொட்டகைக்குக் குளிர்ச்சியைவிட முக்கியம் வடிகால்.

இருந்தும் ஐஸ் கரையத்தான் செய்யும், மெதுவாக. 0 டிகிரியில் இருக்கும் ஒரு கிலோ ஐஸ் முழுதும் உருக 334 கிலோஜூல் வெப்பம் தேவை. அதே வெப்பத்தால் ஒரு கிலோ தண்ணீரை 0-விலிருந்து 80 டிகிரிக்குச் சூடாக்கிவிடலாம். இந்த உள்ளுறை வெப்பம்தான் கொட்டகையின் மூலதனம்.

கணக்கும் போட்டுப் பார்க்கலாம். எல்லாப் பக்கமும் 4 மீட்டர் உள்ள ஐஸ் குவியல் ஏறத்தாழ 59 டன். சுற்றி 30 சென்டிமீட்டர் உலர்ந்த மரத்தூள், வெளியே 20 டிகிரி என்றால் நாளுக்குச் சுமார் 115 கிலோ உருகும். ஐந்து மாதத்தில் 17 டன், அதாவது மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. அதே குவியல் 2 மீட்டர்தான் என்றால்? ஐந்து மாதத்தில் பாதிக்கு மேல் போய்விடும். வெப்பம் நுழைவது பரப்பு வழியாக, ஐஸ் இருப்பதோ கன அளவில். பக்கம் இருமடங்கானால் பரப்பு நான்கு மடங்கு, ஐஸ் எட்டு மடங்கு. நடைமுறையில் தூள் நனையும், கதவு திறக்கும், இழப்பு கூடும். ஆனாலும் பெரிய குவியலே நின்று பிடிக்கும்.

இதை நம்பித்தான் பாஸ்டன் வியாபாரி ஃப்ரெடெரிக் டியூடர் 1833-இல் 180 டன் ஐஸைக் கப்பலேற்றிக் கல்கத்தாவுக்கு அனுப்பினார். நான்கு மாதப் பயணம், பூமத்திய ரேகையை இருமுறை தாண்டிய பின்னும் ஏறக்குறைய 100 டன் மிஞ்சியது. 1842-இல் சென்னைக் கடற்கரையில் அவர் கட்டிய கிடங்குதான் ஐஸ் ஹவுஸ், இன்றைய விவேகானந்தர் இல்லம்.

பண்ணை வீட்டின் ஐஸ் பெட்டியில் பாளம் மேல் அறையில் இருக்கும். குளிர்ந்த காற்று கனமானது, தானாகக் கீழே இறங்கிப் பால் பாத்திரங்களைச் சூழும். ஐஸ் சீக்கிரம் தீர்கிறதே என்று அதைத் துணியால் சுற்றி வைப்பது வீண் சிக்கனம். உருகாத ஐஸ் வெப்பத்தை வாங்காது, பால்தான் திரியும். பெட்டிக்கு அடியில் உருகிய நீர் சொட்டும் தட்டு ஒன்று இருக்கும். அதை நிரம்பி வழியுமுன் யாராவது எடுத்துக் கொட்டியாக வேண்டும். அதில் ஐந்து லிட்டர் சேர்ந்திருந்தால், ஐந்து லிட்டர் தண்ணீரை 80 டிகிரிக்குச் சுட வைக்கும் அளவு வெப்பம் பாலை விட்டும் பெட்டியை விட்டும் வெளியேறியிருக்கிறது என்று அர்த்தம்.