கெஜட் ‘இனிமேல்’ என்றுதான் சொல்லும்

போன வாரம் தேவகோட்டைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஓர் ஆச்சி மகனோடு வந்திருந்தார்கள். மஞ்சள் பைக்குள் ஒரு பிளாஸ்டிக் உறை, அதற்குள் நாலாக மடித்த, கெஜட் என்கிற தமிழ்நாடு அரசிதழின் பக்கம். அவர்களுடைய வரியில் மட்டும் பேனாவால் கோடு போட்டிருந்தது. மீனாள் என்ற பெயர் இனிமேல் மீனாட்சி என்று அழைக்கப்படும் என்பதுதான் அந்த வரியின் சாரம்.

ஆச்சியின் கணவர் செட்டியார் தவறிவிட்டார்கள். வங்கியில் அவர்கள் போட்டு வைத்திருந்த டெபாசிட்டுக்கு நாமினி ‘மீனாள்’. ஆதாரில் ‘மீனாட்சி’. கெஜட்டில் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஒரு புரோக்கர் சொல்ல, பணம் கொடுத்து, மாதக்கணக்கில் காத்திருந்து வாங்கியிருக்கிறார்கள். வங்கியில் அதைப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்களாம்: “இனிமேல்தான் நீங்க மீனாட்சின்னா, பத்து வருஷத்துக்கு முன்னாடி எடுத்த ஆதார்ல இருக்கிற மீனாட்சி யாரு?”

“தம்பி, கெஜட்டுலயே வந்துருச்சு, இன்னும் என்னப்பா வேணும்கிறாக?” என்று ஆச்சி கேட்டபோது எனக்குக் கோபம் வந்தது. ஆச்சி மேல் இல்லை. இந்த ஒரு வருடத்தில் இதே மாதிரி எத்தனை உறைகளைப் பிரித்துப் பார்த்துவிட்டேன். காரைக்குடியில் நோட்டரியாக உட்கார்ந்திருக்கும் எனக்கு இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். அரசிதழை வெளியிடுவது நீதிமன்றம் இல்லை, தாசில்தார் இல்லை. எழுதுபொருள் மற்றும் அச்சுத்துறை. மற்ற துறைகள் ஓடுவதற்குக் கை கொடுக்கும் துறை அது. அரசு அலுவலகங்களுக்குக் காகிதம், பதிவேடு, படிவம் போய்ச் சேர்வதும், தேர்தல் வந்தால் வாக்குச்சீட்டு அச்சாவதும் அவர்கள் வேலை. பழைய துறை. 1832இல் புனித ஜார்ஜ் கோட்டை கெஜட் என்று தொடங்கிய இதழின் வாரிசுதான் இன்றைய தமிழ்நாடு அரசிதழ். சென்னையில் தங்கசாலைத் தெரு என்று பெயர் வரக் காரணமான நாணயச்சாலை 1869இல் மூடப்பட்ட பிறகு, அந்தக் கட்டடம் அரசு அச்சகத்துக்குப் போனது. நமக்குப் பக்கத்தில் புதுக்கோட்டையிலும் அரசுக் கிளை அச்சகம் இருக்கிறது.

சரி, அங்கே உங்கள் பெயருக்கு என்ன நடக்கிறது? பகுதி ஆறு, பிரிவு நான்கு என்ற பகுதியை எடுத்துப் பாருங்கள். புதன்கிழமை தோறும் வருவது. தனியார் விளம்பரங்களுக்கான பகுதி அது. விளம்பரம் என்ற சொல்லைக் கவனியுங்கள். பெயர் மாற்ற அறிவிப்புகளோடு ஒரு எச்சரிக்கையும் அச்சிடுகிறார்கள்: இந்த அறிவிப்புகளுக்கு அரசு சட்டப் பொறுப்பு ஏற்காது, விளைவுகளுக்கும் தவறான தகவலுக்கும் அறிவிப்பவரே முழுப் பொறுப்பு என்று. ஆச்சி கொண்டு வந்தது அவர்கள் பெயர் இருந்த பக்கம் மட்டும். எச்சரிக்கை இருந்த பக்கத்தை யாரும் அவர்களுக்குக் காட்டவே இல்லை.

நீங்கள் கொடுத்த ஆவணங்களைப் பார்த்து, நீங்கள் சொன்னதை ஊரறிய அச்சடிக்கிறார்கள். அவ்வளவுதான். “இவர்தான் அவர்” என்று விசாரித்துத் தீர்ப்புச் சொல்வதில்லை. அதைவிட முக்கியம், அந்த ‘இனிமேல்’. அது முன்னோக்கித்தான் போகும். 1975இல் எழுதிய கிரயப் பத்திரத்துக்குள் போய் எழுத்தைத் திருத்தாது. அதற்குப் பிழைத்திருத்தல் பத்திரம் என்று தனியாக இருக்கிறது, சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும். பிறப்புச் சான்றிதழில் எழுத்துப்பிழை என்றால் 1969ஆம் வருடத்துப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம், பிரிவு 15இன் கீழ், பதிவு செய்த இடத்திலேயே திருத்தம் கேட்க வேண்டும். பள்ளிச் சான்றிதழும் தானாக மாறாது. பழைய பெயரோடு அப்படியே இருக்கும், கூடவே கெஜட்டையும் காட்ட வேண்டும். பிறந்த தேதியைக் கெஜட்டில் மாற்ற முடியாது. இறந்துபோன அப்பாவின் பெயரையும் மாற்ற முடியாது. இதைக் கேட்டுக்கொண்டு மாதம் ஒருவராவது வருகிறார்கள். இல்லாதவருக்கு ஏதுங்க இனிமேல்?

ஆச்சிக்குக் கெஜட்டே தேவைப்பட்டிருக்காது. அவர்கள் பெயரை மாற்றிக்கொள்ளவில்லை. வீட்டில் மீனாள், ஏட்டில் மீனாட்சி, ரெண்டும் ஒரே ஆள். நம் பக்கத்தில் மீனாட்சியை மீனாள் என்றும் வள்ளியம்மையை வள்ளி என்றும் கூப்பிடுவது வழக்கம்தானே. இதற்கு வேண்டியது ஒரே நபர்தான் என்கிற உறுதிமொழிப் பத்திரமும், அதைத் தாங்கிப் பிடிக்கிற பழைய காகிதங்களும். மகனை வீட்டுக்கு அனுப்பி, நகரத்தார் கல்யாணத்தில் எழுதுகிற திருமண ஒப்பந்த ஏடான இசைகுடிமானத்தை எடுத்து வரச் சொன்னேன். செட்டியார் பெயர், ஆச்சியின் அப்பா பெயர், மீனாட்சி என்ற பெயர், எல்லாம் அதில் தெளிவாக இருந்தது. இசைகுடிமானம் ஒன்றே போதும் என்று சொல்லமாட்டேன். குடும்ப அட்டை, வாரிசுச் சான்றிதழ் எல்லாம் சேர்த்து வைத்தால் கதை கோர்வையாக நிற்கும். ஆனால் இப்போது நடுவில் இந்தக் கெஜட் ஏன் வந்தது என்பதற்கும் சேர்த்து விளக்கம் எழுத வேண்டியிருந்தது.

அடுத்தது இனிஷியல். இதை நம் ஊர்க்காரர்களுக்கென்றே சொல்கிறேன். அய்யா, அதாவது அப்பாவைப் பெற்றவர் பெயரைப் பேரனுக்கு இடுவது நம் வழக்கம். அண்ணன் தம்பி மூன்று பேர் என்றால், மூன்று வீட்டிலும் தலைமகன் ஒரே பெயரோடு இருப்பான். பிரித்துக் காட்டுவது முன்னால் நிற்கிற எழுத்துகள்தான். ஆதார் எடுக்கும்போது “நாலு எழுத்து எதுக்கு” என்று வெட்டிவிடுகிறார்கள். அப்புறம் பங்காளிகள் பொதுவீட்டில் கையெழுத்துப் போட வரும்போது ரெண்டு கருப்பன், ரெண்டு பேருக்கும் ஒரே முகவரி. எந்த எழுத்து யாருடைய பெயர் என்று ஒரு தாளில் விரித்து எழுதி வீட்டில் வையுங்கள், தயவுசெய்து.

கெஜட் கட்டாயம் தேவைப்படுகிறவர்களும் உண்டு. பெயரையே புதிதாக மாற்றிக்கொள்கிறவர்கள், சுவீகாரம் போனவர்கள், மதம் மாறியவர்கள். அவர்கள் துறையின் இணையதளத்திலிருந்து படிவத்தை எடுத்துத் தாங்களே நிரப்பலாம். புரோக்கர் எதற்கு? ஆங்கில எழுத்து ஒவ்வொன்றையும் வாய்விட்டுப் படித்துச் சரிபாருங்கள். சொந்த மாவட்டம் கேட்பார்கள். சிவகங்கை மாவட்டம் 1985இல்தான் வந்தது. அதற்கு முன் பிறந்தவர்களின் காகிதத்தில் இராமநாதபுரம் என்று இருக்கும். இடத்துக்கு ஒன்றாக எழுதி வைக்காதீர்கள். வெளிவந்ததும் அந்த வரியை மட்டும் வெட்டி வைக்காமல் இதழின் முகப்போடு, தேதியோடு பத்திரப்படுத்துங்கள். ஆதாரில் பெயரை மாற்ற ரெண்டே வாய்ப்புத்தான், அவசரப்பட்டு அதைத் தீர்த்துவிட்டு என்னிடம் வராதீர்கள்.

பச்சைக் குழந்தை உள்ள வீடுகளுக்கு ஒரு வேண்டுகோள். 2023 அக்டோபர் 1 அன்றும் அதற்குப் பிறகும் பிறந்தவர்களுக்குப் பிறந்த தேதியையும் இடத்தையும் நிரூபிக்கப் பிறப்புச் சான்றிதழ்தான் ஆவணம். பள்ளிச் சேர்க்கையோ பாஸ்போர்ட்டோ, அதை வைத்துத்தான் எல்லாம். பெயரில்லாமல் பதிந்திருந்தால் ஒரு வருடத்துக்குள் கட்டணமின்றிப் பெயரைச் சேர்க்கலாம். அய்யா பெயரா புதுப்பெயரா என்று வீட்டில் பேசி முடிவெடுங்கள். எடுத்த பிறகு தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரு வெள்ளைத்தாளில் பெரிதாக எழுதி, அந்தத் தாளோடு பதிவு அலுவலகத்துக்குப் போங்கள். வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள்.