எங்கே மரத்துப் போகிறது என்று சொல்லுங்கள்

நாகர்கோவில் பக்கம் நரம்பு டாக்டராக இருந்தால் அடிக்கடி காதில் விழும் வாக்கியம் ஒன்று உண்டு: "நரம்பு வீக்கா இருக்கு டாக்டர், ஒரு சத்து ஊசி போட்டு விடுங்க." கை நடுங்கினாலும் இதுதான், கால் எரிந்தாலும் இதுதான், பேச்சு குழறினாலும் இதுதான். பலர் மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிய பி காம்ப்ளக்ஸைக் கொஞ்ச நாள் விழுங்கிப் பார்த்துவிட்டுத்தான் வருவார்கள். சத்துக் குறைவால் நரம்பு கெடுவதும் உண்டு. பி12 குறைந்தால் கால் மரத்துப் போகும். ஆனால் வருகிறவர்களில் நிறைய பேருக்குக் கோளாறு வேறு.

நான் முதலில் கேட்பது "எந்த இடத்தில்?" என்றுதான். ஒரு பக்கமா, இரண்டு பக்கமுமா? முகமும் சேர்ந்தா? எந்தெந்த விரல்? திடீரென்று வந்ததா, மாதக்கணக்கில் மெல்ல வந்ததா? கரண்ட் போனால் முதலில் வாசலுக்கு வந்து, தெருவே இருட்டா, நம் வீடு மட்டுமா என்று பார்ப்போமே, அதே கணக்கு. பழுது மூளையிலா, தண்டுவடத்திலா, கை கால் நரம்பிலா என்பது ஸ்கேனுக்கு முன்பே பெரும்பாலும் இந்தப் பதில்களில் தெரிந்துவிடும். நரம்பு மண்டலத்தின் அமைப்பு அப்படி.

மூளையின் எடை சுமார் 1.4 கிலோ. உடல் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்குதான். ஆனால் சும்மா உட்கார்ந்திருக்கும்போது உடம்பு செலவழிக்கும் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கை அது எடுத்துக்கொள்கிறது. சேமித்து வைக்கும் பழக்கமும் அதற்குக் கிடையாது, ரத்தம் நின்றால் சில நிமிடங்களில் திணறிவிடும். உள்ளே ஏறத்தாழ 8,600 கோடி நியூரான்கள், அதாவது நரம்பு செல்கள். பிடரிக்கு மேலே இருக்கிற சிறுமூளை எடையில் பத்தில் ஒரு பங்குதான், ஆனால் நியூரான்களில் ஐந்தில் நான்கு பங்கு அங்கேதான் இருக்கிறது. நடை தள்ளாடாமல், கை குறி தவறாமல் இருப்பது அதன் பொறுப்பு. மூளையிலிருந்து 12 ஜோடி நரம்புகள் கண், காது, முகம், நாக்கு என்று போகின்றன. தண்டுவடம் சுண்டுவிரல் தடிமன், சுமார் 45 செ.மீ. நீளம். அதிலிருந்து 31 ஜோடி நரம்புகள் பிரிந்து உடம்பெல்லாம் போகின்றன.

மூளையின் இடது பாதியிலிருந்து கிளம்பும் கட்டளைகள் மூளை தண்டுவடத்தோடு சேரும் முகுளத்தின் அடிப்பகுதியில் வலது பக்கம் தாண்டிவிடும். இழைகளில் பத்தில் ஒன்பது பங்கு இப்படித் தாண்டுகின்றன. அதனால்தான் இடது மூளையில் ரத்தக்குழாய் அடைப்பு என்றால் வலது கை விழுகிறது. பேச்சும் பெரும்பாலானவர்களுக்கு இடது பாதியில்தான். 1861இல் பாரிஸில் பால் புரோக்கா என்ற மருத்துவர், ஒரே ஓர் அசையை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்ல முடிந்த ஒரு நோயாளி இறந்த பிறகு மூளையைப் பார்த்து, இடது முன்பகுதியில் பழுது இருப்பதைக் காட்டினார். இன்றும் "வலது கை விழுந்திருக்கு, பேச்சும் வரல" என்று ஒருவர் போனில் சொன்னால் இடம் எனக்குத் தெரிந்துவிடும். வீட்டில் உள்ளவர்கள்தான் பாவம், கைக்கு ஒரு நோய், பேச்சுக்கு ஒரு நோய் என்று இரண்டாகப் பயப்படுவார்கள்.

அடுத்து முகம். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தேன், காற்று அடித்து வாய் கோணிவிட்டது என்று வருகிறவர்கள் உண்டு. போன மழைக்காலத்தில் களியக்காவிளை பக்கமிருந்து ஒரு அண்ணாச்சியை மனைவி கூட்டிக்கொண்டு வந்தார். "அவருக்க வாய் ஒரு பக்கமா போச்சு டாக்டர், காப்பி குடிச்சா வழியுது." நான் செய்யச் சொன்னது ஒன்றே ஒன்று: "புருவத்தை மேலே தூக்குங்க அண்ணாச்சி." வலது நெற்றியில் கோடுகள் விழுந்தன. இடது நெற்றி இஸ்திரி போட்ட மாதிரி வழவழவென்று கிடந்தது. கண்ணை மூடச் சொன்னால் இடது இமை பாதியில் நின்று, வெள்ளை விழி மட்டும் தெரிந்தது. கை கால் பலமாக இருந்தது, பேச்சில் சொற்கள் தடுமாறவில்லை.

அது மூளையில் வந்த கோளாறு அல்ல, முகத்து நரம்பு காதுக்குப் பின்னால் எலும்புக் குழாய்க்குள் வீங்கி நெருக்குண்டது. பெல்ஸ் பால்ஸி என்பார்கள். நெற்றிக்கு மூளையின் இரண்டு பாதியிலிருந்தும் இணைப்பு இருக்கிறது. அதனால் மூளையின் ஒரு பாதியில் அடைப்பு வந்தால் வாய் கோணும், நெற்றி தப்பித்துக்கொள்ளும். நரம்பிலேயே பழுது என்றால் நெற்றியும் சேர்ந்து விழும். காற்றுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. மூன்று நாட்களுக்குள் ஸ்டீராய்டு மாத்திரை தொடங்கினால் நன்றாகக் குணமாக வாய்ப்பு அதிகம். மூடாத கண் காய்ந்து புண்ணாகாமல் சொட்டு மருந்து விட்டு, இரவில் ஒட்டி வைக்க வேண்டும். ஒன்று சொல்லிவிடுகிறேன்: இதைப் படித்துவிட்டு வீட்டில் நீங்களே நெற்றியைப் பார்த்து "இது பக்கவாதம் இல்லை" என்று தீர்ப்பு எழுதாதீர்கள். வாய் திடீரென்று கோணினால் பக்கவாதம் என்றே நினைத்துக் கிளம்புங்கள்.

ஏனென்றால் பெரிய ரத்தக்குழாய் அடைபட்ட பக்கவாதத்தில், சிகிச்சை இல்லாமல் கடக்கும் ஒவ்வொரு நிமிடமும் சுமார் 19 லட்சம் நியூரான்கள் சாகின்றன. அடைப்பைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். பெரிய அடைப்பைக் கம்பி விட்டு இழுத்து எடுக்கும் சிகிச்சையைச் சிலருக்கு 24 மணி நேரம் வரைகூடச் செய்யலாம், ஆனால் அது யாருக்குப் பொருந்தும் என்பதை ஸ்கேன்தான் சொல்லும். முதலில் சி.டி. எடுத்தாக வேண்டும். அடைப்பும் ரத்தக்கசிவும் வெளியே பார்க்க ஒரே மாதிரி இருக்கும், சிகிச்சையோ நேரெதிர். அதனால்தான் வீட்டில் ஆஸ்பிரின் கொடுக்காதீர்கள் என்கிறோம். தண்ணீர்கூட வேண்டாம், விழுங்கும் தசை தளர்ந்திருந்தால் நேராக நுரையீரலுக்குப் போகும். சுகர்காரர்களுக்குச் சர்க்கரை இறங்கினாலும் ஒரு பக்கம் தளரலாம், ஆகவே விரலில் குத்தி அதையும் பார்த்துவிடுவோம்.

இந்த நாலரை மணி நேரம் நம் மாவட்டத்தில் எங்கே போகிறது தெரியுமா? காலையில் எழும்போது கை விழுந்திருக்கும். "படுத்த வாக்கில் மரத்திருக்கும்" என்று எண்ணெய் தேய்ப்பார்கள். வளைகுடாவில் இருக்கும் மகனுக்குப் போன் போகும், அவன் டியூட்டியில் இருப்பான். அப்புறம் வர்ம வைத்தியம் பார்க்கும் ஆசான் வீடு. அப்புறம் யாரோ புறா ரத்தம் தேய்த்தால் சூடு பிடிக்கும் என்பார். மார்த்தாண்டம் நெரிசலைத் தாண்டி எங்களிடம் வரும்போது சாயங்காலம் ஆகியிருக்கும். எல்லாவற்றிலும் எனக்குக் கோபம் வருவது இதில்தான்.

வர்ம ஆசான்மாரை நான் குறை சொல்ல வரவில்லை. இந்த மண்ணில் தலைமுறைகளாக இருக்கிற அறிவு அது. 108 வர்மங்கள் என்று புள்ளி புள்ளியாக உடம்பைப் படித்து வைத்தவர்கள். சுளுக்கு, சதைப்பிடிப்பு என்று ஆசானிடம் போகிறவர்களை நான் தடுத்ததில்லை. ஆனால் மண்டைக்குள் அடைபட்ட குழாயைத் தோலின் மேல் தேய்க்கும் எதுவும் எட்டாது. நல்ல ஆசான்கள் பக்கவாதத்தைப் பார்த்ததுமே "ஆஸ்பத்திரிக்குப் போ" என்று திருப்பி அனுப்புகிறார்கள். எல்லோரும் அப்படிச் செய்தால் நல்லது. 108 ஆம்புலன்ஸை அழைத்து, ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை மாதிரி சி.டி. வசதி உள்ள இடத்துக்கு நேராகப் போங்கள். "கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார்?" என்று கேட்போம். அதை மட்டும் சரியாகச் சொல்லுங்கள். பத்து நிமிடத்தில் தானாகச் சரியாகிவிட்டாலும் வர வேண்டும். பெரிய அடைப்புக்கு அது முன்னறிவிப்பாக இருக்கக்கூடும்.

சரி, இந்த இழைகளில் ஓடுவது என்ன? அதைக் கண்டுபிடிக்க உதவியது குளச்சலிலும் முட்டத்திலும் ஏலத்துக்கு வருகிற கணவாய் மீன்தான். ஆபத்து வந்தால் கணவாய் உடம்பைச் சுருக்கித் தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டு பாயுமே, அந்த வேகத்துக்கான நரம்பிழை வெறும் கண்ணுக்கே தெரியும் அளவு தடிமன். 1936இல் ஜே.இசட். யங் என்ற விலங்கியலாளர் அதை அடையாளம் காட்டினார். ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி என்ற இரண்டு ஆய்வாளர்கள் அந்த இழைக்குள் மின்முனையை நுழைத்து அளந்து 1952இல் விளக்கம் எழுதினார்கள், 1963இல் நோபல் பரிசும் வாங்கினார்கள். இழைக்கு வெளியே சோடியம் அதிகம், உள்ளே பொட்டாசியம் அதிகம். சேதி வரும்போது கதவு திறந்து சோடியம் உள்ளே பாய்கிறது, பிறகு பொட்டாசியம் வெளியேறிப் பழைய நிலை திரும்புகிறது. இது இடம் இடமாகத் தொடர்ந்து நடப்பதுதான் நரம்புச் சேதி. மயலின் என்ற கொழுப்பு உறை போட்ட தடித்த இழையில் அது நொடிக்கு 120 மீட்டர் வரை ஓடும். எரிச்சல் வலியைக் கொண்டுவரும் மெல்லிய இழையில் நொடிக்கு ஒரு மீட்டர் ஓடினாலே பெரிது. கால் விரலைக் கட்டில் காலில் இடித்துக்கொண்டால் இடித்தது முதலில் தெரிந்து, "ஐயோ" சற்றுப் பிந்தி வருவது இதனால்தான்.

உப்பில் ஓடுகிற விஷயம் என்பதால் உப்பு குறைந்தாலும் கெடும். பிரஷருக்குச் சிறுநீர் அதிகம் போகிற வகை மாத்திரை சாப்பிடுகிற வயதான அம்மா, "உப்பே தொடாதே" என்று யாரோ சொன்னதால் உப்பில்லாக் கஞ்சி, நடுவில் இரண்டு நாள் வயிற்றுப்போக்கு. மூன்றாம் நாள் பேரனை யாரென்று கேட்பார். வீட்டில் பைத்தியம் என்றோ பேய் என்றோ நினைப்பார்கள். ரத்தத்தில் சோடியம் 135க்கும் 145க்கும் இடையில் இருக்க வேண்டியது 115க்கு இறங்கியிருக்கும். இதை மெதுவாகத்தான் ஏற்ற வேண்டும், அவசரப்பட்டு ஏற்றினால் மூளைக்கே ஆபத்து. ஆகவே வீட்டில் உப்புக் கரைத்துக் கொடுத்துச் சோதிக்க வேண்டாம்.

இரண்டு பாதமும் சாக்ஸ் போட்ட அளவுக்கு மரத்திருந்தால் மூளையைச் சந்தேகிக்க வேண்டாம். காலுக்குப் போகும் இழைகள் இடுப்பிலிருந்து விரல் நுனி வரை ஒரு மீட்டர் நீளம். சர்க்கரை நோய் நீளமான இழைகளின் நுனியைத்தான் முதலில் தின்னும். பாதத்தை ஒரு நைலான் இழையால் தொட்டுப் பார்ப்போம், அது வளைய 10 கிராம் அழுத்தம் வேண்டும். கடலுக்குப் போகும் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு "சாரே, இது தங்கூசி இல்லியா" என்று சிரித்தார். தூண்டில் நூலைத்தான் சொன்னார். கண்ணை மூடச் சொல்லி உள்ளங்காலில் ஐந்தாறு இடத்தில் வைத்தேன். ஒன்றுக்கும் அவர் வாய் திறக்கவில்லை. "இன்னும் தொடங்கலியா சாரே?" என்றார். செருப்பைப் புரட்டினால் அடியில் ஒரு ஆணி ஏறி நின்றது. இப்படிப்பட்டவர்கள் சுடுமணலில் வெறுங்காலோடு நடக்கக் கூடாது, தினமும் இரவில் பாதத்தை வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். குனிய முடியாதவர் கண்ணாடியைத் தரையில் வைத்துப் பார்க்கலாம்.

ரப்பர் பால்வெட்டுகிறவர்கள், நாள் முழுக்கத் தையல் மிஷினில் இருக்கிறவர்கள் இரவில் கையை உதறிக்கொண்டு எழுந்தால், எந்த விரல் என்று கவனியுங்கள். பெருவிரல், ஆள்காட்டி, நடுவிரல், மோதிர விரலில் பாதி என்றால் மணிக்கட்டில் நரம்பு நெருக்குகிறது. சுண்டுவிரலும் மோதிர விரலின் மறுபாதியும் என்றால் முழங்கையைப் பார்க்க வேண்டும். மோதிர விரலின் நடுவில் கோடு போட்ட மாதிரி ஒரு பக்கம் உணர்வு இருந்து மறுபக்கம் இல்லாமல் இருப்பதை நோயாளியே ஊசியால் தொட்டு ஆச்சரியப்படுவார். முந்திரி ஆலையில் குத்துக்காலிட்டே இருந்து பாதம் தூக்க முடியாமல் வருகிற பெண்களுக்கு முழங்காலுக்கு வெளிப்பக்கம் நரம்பு நசுங்கியிருக்கும். இருக்கையை மாற்றினாலே பலருக்குத் தேறிவிடும்.

கடைசியாகத் தென்னையிலிருந்தும் பனையிலிருந்தும் விழுகிறவர்கள். விழுந்தவருக்கு நினைவு தெளிவாக இருக்கும், பேசுவார், தண்ணீர் கேட்பார். இரண்டு காலும் அசையாது. முதுகெலும்பு உடைந்து தண்டுவடம் நசுங்கினால் அந்த மட்டத்துக்குக் கீழே எல்லாம் துண்டிக்கப்படும். மூளை முழுசாக இருக்கும். சுற்றி நிற்பவர்கள் அக்கறையோடுதான் தோளுக்கடியில் ஒருவர், காலில் ஒருவர் என்று தூக்கி, ஆட்டோவில் மடக்கி உட்கார வைப்பார்கள். பாதி அறுந்த இழைகள் அங்கே முழுதாக அறுந்துபோகலாம். உட்கார வைக்காதீர்கள். அந்த இடத்தில் வேறு ஆபத்து இல்லை என்றால் கிடந்த இடத்திலேயே கிடக்கட்டும், ஒருவர் இரண்டு கையாலும் தலையை அசையாமல் பிடித்துக்கொள்ளட்டும். 108 வருவதற்குள் நகர்த்தியே ஆக வேண்டும் என்றால் நான்கைந்து பேர் சேர்ந்து, தலை, முதுகு, இடுப்பு ஒரே நேர்கோட்டில் இருக்கும்படி உருட்டிப் பலகையிலோ கழற்றிய கதவிலோ ஏற்றுங்கள். கால் விரலை அசைக்கச் சொல்லிப் பார்த்து, அசைந்ததா இல்லையா என்பதையும், விழுந்த பிறகு ஒன்றுக்குப் போனாரா என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். அடிவயிறு உப்பி, சிறுநீர் இறங்காமல் இருந்தால் உடனே குழாய் போட வேண்டியிருக்கும்.