வெப்பப்போக்கி: ‘ஹீட் சிங்க்’ என்ற சொல்லின் பொருளும் அதற்கேற்ற தமிழும்

கணினியின் மையச் செயலியில் (சிபியு) பிறக்கும் வெப்பத்தை வாங்கி, மெல்லிய உலோகத் தகடுகள் வழியாகச் சுற்றியுள்ள காற்றுக்குக் கொடுத்துவிடும் உறுப்பை ‘ஹீட் சிங்க்’ என்கிறோம். அது அலுமினியத்தாலோ செப்பாலோ, இரண்டும் கலந்தோ செய்யப்பட்டிருக்கும். பெரும்பாலும் அதன் மேல் ஒரு விசிறி அமர்ந்திருக்கும். காரைக்குடியிலும் தேவகோட்டையிலும் கணினி பழுதுபார்ப்பவர்கள் உலோகப் பகுதியை ‘ஹீட் சிங்க்’ என்றும், விசிறியோடு சேர்த்து ‘கூலர்’ அல்லது ‘சிபியு ஃபேன்’ என்றும் சொல்கிறார்கள். பேச்சில் இவற்றால் எந்தக் குழப்பமும் நேர்வதில்லை. தமிழில் ஒரு விளக்கம் எழுத முற்படும்போதுதான் கேள்வி எழுகிறது. அப்போது கையில் கிடைக்கும் நேர் மொழிபெயர்ப்புகளில் சில, அந்த உறுப்பு செய்யும் வேலையைத் தலைகீழாகக் காட்டிவிடுகின்றன. உள்ளே இடமே இல்லாத சிறுவடிவக் கணினிகளில் இந்தத் தவறான எண்ணத்துக்குப் பலன் உடனே தெரியும்: பெட்டி சுடும், விசிறி இரையும்.

ஆங்கிலத்தில் ‘சிங்க்’ என்ற வினைக்கு அமிழ்தல், கீழிறங்குதல் என்று பொருள். அதிலிருந்து பிறந்த பெயர்ச்சொல், 15ஆம் நூற்றாண்டு அளவில், கழிவுநீர் போய் இறங்கும் குழியைக் குறித்தது. பாத்திரம் கழுவும் தொட்டி என்ற பொருள் அதற்குப் பின்னர் வந்தது. தமிழ்நாட்டு வீடுகளில் இன்று ‘சிங்க்’ என்றால் அந்தத் தொட்டி ஒன்றுதான். ஆகவே தமிழ்க் காதுக்கு ‘ஹீட் சிங்க்’ என்பது வெப்பத்தைப் பிடித்து வைக்கும் தொட்டியாகவே ஒலிக்கிறது. ஆனால் மூலச்சொல்லின் கரு பிடித்து வைப்பது அன்று. வேண்டாததை வெளியே அனுப்புவது.

அந்தப் பழைய பொருளுக்குத் தமிழில் மிகப் பழைய சொல் ஒன்று உண்டு: அங்கணம். ‘அங்கணத்துள் உக்க அமிழ்தற்றால்’ என்று திருக்குறளின் 720ஆம் குறள் தொடங்குகிறது. தம் இனத்தார் அல்லாதவர் கூடிய அவையில் அரும்பொருளைப் பேசுவது, அங்கணத்தில் அமிழ்தத்தைக் கொட்டியதற்கு ஒப்பாகும் என்பது அதன் கருத்து. அங்கணம் என்பதற்குத் தூய்மையற்ற முற்றம் என்றும், கழிவுநீர் பாயும் இடம் என்றும் பொருள் சொல்வதுண்டு. ‘சிங்க்’ என்பதன் முதற்பொருளுக்கு இதைவிட நெருங்கிய சொல் எனக்குத் தெரியவில்லை. ஆயினும் இன்று இச்சொல் பேச்சிலிருந்து பெரும்பாலும் விலகிவிட்டதால், ‘வெப்ப அங்கணம்’ என்று எழுதினால் படிப்பவர் அகராதியைத் தேடிப் போக வேண்டியிருக்கும். கலைச்சொல்லுக்கு அது நல்லதன்று.

‘சிங்க்’ இயற்பியலுக்குள் வந்தபோது அதன் பொருள் சற்று விரிந்தது. ஏதேனும் ஒன்று புறப்படும் இடம் மூலம் எனப்பட்டால், அது போய்ச் சேரும் இடம் ‘சிங்க்’ எனப்பட்டது. பிரெஞ்சுப் பொறியாளர் சாடி கார்னோ 1824இல் வெப்ப இயந்திரங்களைப் பற்றி எழுதியபோது, வேலை கிடைக்க வேண்டுமானால் வெப்பம் சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்துக்குப் போயாக வேண்டும் என்று காட்டினார். அந்தக் குளிர்ந்த இடத்தையே பிற்கால இயற்பியல் ‘ஹீட் சிங்க்’ என்றது. கடல், ஆறு, வளிமண்டலம் ஆகியவை இந்தப் பொருளில் ‘ஹீட் சிங்க்’தான், எவ்வளவு வெப்பத்தைக் கொட்டினாலும் அவற்றின் வெப்பநிலை ஏறக்குறைய மாறாது. மின்னணுவியலில் இதே பெயர் தகடுகள் கொண்ட உலோகத் துண்டுக்கு வந்து ஒட்டிக்கொண்டது. ஆக, ஒரே ஆங்கிலப் பெயர் இரண்டு பொருள்களைச் சுமக்கிறது. ஒன்று வெப்பம் இறுதியாகப் போய்ச் சேரும் இடம்; மற்றொன்று அங்கே அதைக் கொண்டு சேர்க்கும் கருவி. கணினியைப் பொறுத்தவரை முதலாவது அறைக்காற்று, இரண்டாவது உலோகத் துண்டு. தமிழில் இவற்றுக்கு இரண்டு சொற்கள் வைத்துக்கொள்வது ஆங்கிலத்தைவிடத் தெளிவைத் தரும் என்பது என் துணிபு.

உலோகத் துண்டு வெப்பத்தைச் சேமிப்பதில்லை என்பதை ஒரு சிறு கணக்கே காட்டிவிடும். ஒரு கிலோ அலுமினியத்தின் வெப்பநிலையை ஒரு டிகிரி உயர்த்த ஏறக்குறைய 900 ஜூல் வேண்டும். 400 கிராம் எடையுள்ள துண்டுக்கு 360 ஜூல் போதும். 65 வாட் செயலி நொடிக்கு 65 ஜூல் வெப்பத்தைத் தருகிறது. அதில் எதையும் காற்றுக்குக் கொடுக்காமல் உலோகம் தானே வைத்துக்கொண்டால், அதன் வெப்பநிலை நிமிடத்துக்கு 11 டிகிரி அளவில் ஏறும். 35 டிகிரி அறையில் தொடங்கினால் ஐந்தே நிமிடத்தில் 89 டிகிரியைத் தொட்டுவிடும். எடை இரட்டிப்பானால் பத்து நிமிடம் கிடைக்கும், அவ்வளவுதான். கனமான துண்டு வாங்கினால் போதும் என்று எண்ணி, காற்றுப் போக வழியில்லாத பெட்டிக்குள் அதை வைப்பவர்கள் இந்தத் தேக்கக் கணக்கைத்தான் அறியாமலே நம்புகிறார்கள்.

இனி, தமிழில் எழுதக்கூடிய சொற்களைப் பார்க்கலாம். ‘வெப்பத்தேக்கி’ என்பது மேற்சொன்ன காரணத்தால் நேர் எதிரான பொருளைத் தருகிறது. மின்னேற்றத்தைச் சேர்த்து வைக்கும் உறுப்புக்கு மின்தேக்கி என்ற பெயர் நன்றாக நிலைபெற்றுவிட்டது. அதன் வழியில் வெப்பத்தேக்கி என்பது வெப்பத்தைச் சேமித்துப் பின்னர் தரும் கலத்துக்கே உரியது. ‘வெப்ப மடு’ என்பதும் தேக்கத்தையே காட்டும். ‘வெப்ப உறிஞ்சி’ பாதி வேலையை மட்டும் சொல்கிறது. வாங்கிய வெப்பம் எங்கே போயிற்று என்பதற்கு அதில் விடை இல்லை. ‘வெப்ப ஏற்பி’ முன்னே சொன்ன இயற்பியல் பொருளுக்கு, அதாவது வெப்பம் போய்ச் சேரும் இடத்துக்கு, மிகவும் பொருத்தமானது; அதை அங்கேயே விட்டுவிடலாம். ‘குளிர்விப்பான்’ என்பது வேறு வகையில் தவறானது, ஏனெனில் உலோகத் துண்டும் விசிறியும் சேர்ந்தும்கூடச் செயலியை அறைக்காற்றைவிடக் குளிர்ச்சியாக்க முடியாது. ‘வெப்ப வடிகால்’ மூலச்சொல்லுக்கு உண்மையாக நடந்துகொள்கிறது. ஆனால் வடிதல் நீருக்கு உரிய, கீழ்நோக்கிய இயக்கம். சூடான காற்றோ மேலே எழும்.

எஞ்சுவது ‘வெப்பப்போக்கி’. போ என்ற தன்வினைக்குப் போகச் செய்தல் என்ற பொருளில் போக்கு என்பது பிறவினை. அதோடு இகர விகுதி சேர்ந்து, அந்தச் செயலைச் செய்யும் கருவியைக் குறிக்கும் போக்கி ஆகிறது. கடத்தி, ஒலிபெருக்கி, மின்தேக்கி ஆகியவை இவ்வாறே அமைந்தவை. எல்லாவற்றுக்கும் மேலாக, புகைபோக்கி என்ற சொல் எல்லோர் வாயிலும் வழங்குகிறது. புகைபோக்கி புகையைச் சேர்த்து வைப்பதாக யாரும் எண்ணுவதில்லை. வெப்பம் என்பதும் வெம்மை, வெயில், வேனில், வெந்நீர் என்னும் சொற்களின் குடும்பத்தைச் சேர்ந்த நல்ல தமிழ்ச்சொல். ஒற்று மிகுமா என்று கேட்பவர்களுக்கு: புகைபோக்கி மிகாமலும் பூச்சிக்கொல்லி மிகுந்தும் வழங்குகின்றன, மகர ஈறு கெட்டு வரும் ‘வெப்பக்கடத்தி’யை ஒட்டி ‘வெப்பப்போக்கி’ என்று எழுதுவது ஓசைக்கும் இயல்பாக இருக்கிறது. பேச்சில் ‘சூடுபோக்கி’ என்றாலும் புரியும். எழுத்தில் வெப்பம் என்பதே வேண்டும். சூடு என்னும்போது ஆற்றலும் வெப்பநிலையும் ஒன்றாகக் குழம்பிவிடுகின்றன.

போக்கி என்று சொன்னவுடன் ‘எங்கே போக்குவது, எந்த வழியாக?’ என்ற கேள்வி தானாக எழும். சிறுவடிவக் கணினி கட்டுபவர் கேட்க வேண்டிய கேள்வியும் அதுவே. வியா நிறுவனம் 2001இல் அறிமுகம் செய்த மினி ஐடிஎக்ஸ் என்னும் சிற்றளவுத் தாய்ப்பலகை (செயலியும் பிற உறுப்புகளும் பொருந்தும் முதன்மைப் பலகை) பக்கத்துக்கு 170 மி.மீ. மட்டுமே உள்ள சதுரம். அதைச் சுற்றிச் சில லிட்டர் கொள்ளளவில் பெட்டி அமைப்பவர்களுக்கு, வெப்பப்போக்கியின் உயரமே முதல் தடை. நாக்டுவா நிறுவனத்தின் என்எச்-எல்9ஐ போன்ற தட்டையான வெப்பப்போக்கிகள் விசிறியோடு சேர்த்து 37 மி.மீ. உயரத்தில் முடிந்துவிடுகின்றன. தகடுகளின் பரப்பு குறைந்தால் காற்று வேகமாகப் போக வேண்டும்; விசிறி வேகமாகச் சுழன்றால் இரைச்சல் ஏறும். விசிறியின் வேகம் இரட்டிப்பானால் காற்றும் இரட்டிப்பாகிறது, ஆனால் அதற்குத் தேவையான மின்திறன் எட்டு மடங்காகிறது, இரைச்சல் ஏறக்குறைய 15 டெசிபெல் கூடுகிறது. 10 டெசிபெல் கூடினாலே ஒலி இருமடங்காகிவிட்டதாகக் காது உணரும். இதன் மறுபக்கம் நமக்குச் சாதகமானது. ஒரே வடிவமைப்பில் 92 மி.மீ. விசிறிக்குப் பதில் 120 மி.மீ. விசிறி வைக்க இடம் கிடைத்தால், அதே அளவு காற்றைப் பாதிக்கும் குறைவான வேகத்தில் தள்ளிவிடலாம். இடம் இருக்கும்வரை பெரிய விசிறியை மெதுவாகச் சுழற்றுவதே அமைதிக்கு வழி.

இங்கே செட்டிநாட்டுக்கே உரிய கணக்கு ஒன்று உண்டு. ஒரு வெப்பப்போக்கியின் திறனை வாட்டுக்கு எத்தனை டிகிரி என்று அளப்பார்கள். அது 0.6 என்று வைத்துக்கொண்டால், 65 வாட் செயலி அறைக்காற்றைவிட 39 டிகிரி கூடுதலாக இருக்கும். குளிரூட்டிய 22 டிகிரி அறையில் அது 61 டிகிரி. சித்திரை, வைகாசியில் காரைக்குடி வீட்டின் 37 டிகிரி அறையில் 76. கருவி அதே, செயலி அதே. போய்ச் சேரும் இடம் மட்டுமே மாறியது. குளிர்நாட்டு அறைகளில் சோதித்துச் சொல்லப்படும் எண்களை அப்படியே நம்பாமல், அறைக்காற்றுக்கு மேல் எத்தனை டிகிரி என்பதை மட்டும் அவற்றிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும். 65 வாட் என்ற எண்ணையும் ஆராய வேண்டும்: இன்டெல் கோர் ஐ7-12700 செயலியின் அடிப்படைத் திறன் 65 வாட், ஆனால் முழுவேகத்தில் அது 180 வாட் வரை போகலாம். கணினி தொடங்கும்போது திறக்கக்கூடிய ‘பயாஸ்’ என்னும் அடிப்படை அமைப்புப் பக்கத்தில் இந்த உச்சத்துக்கு ஒரு வரம்பு விதிப்பது, எந்தப் புதிய வெப்பப்போக்கியையும்விடச் சிறுபெட்டிக்கு அதிக அமைதியைத் தரும். செலவும் இல்லை.

பழைய செட்டிநாட்டு வீடுகளில் கணினியைத் தேக்கு அலமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்திவிடும் பழக்கம் பார்வைக்கு அழகுதான். ஆனால் அலமாரிக்குள் காற்று 45 டிகிரிக்கு ஏறினால் மேற்படி கணக்கில் செயலி 84ஐத் தொடும். விசிறி முழுவேகத்தில் கத்தும். அந்த வீடுகளைக் கட்டியவர்கள் இதை நன்கு அறிந்தவர்கள்: முகப்பிலிருந்து பின்கட்டு வரை நேர்கோட்டில் வாசல்கள், நடுவே வானம் பார்த்த முற்றம், அதன் வழியே மேலேறி வெளியேறும் சூடான காற்று. கணினிப் பெட்டிக்கும் இவ்வாறே உள்வழி ஒன்றும் வெளிவழி ஒன்றும் தனித்தனியே வேண்டும். வெப்பப்போக்கியின் விசிறிக்கும் பெட்டியின் துளைகளுக்கும் இடையே இடைவெளி இருந்தால், வெளியேற வேண்டிய சூடான காற்றையே விசிறி மறுபடி இழுத்துக்கொள்ளும். அந்த இடைவெளியைச் சுற்றிலும் நுரைப் பட்டையால் அடைத்து, வெளிக்காற்று மட்டும் வரும்படி செய்துவிட்டால் வெப்பநிலையும் இரைச்சலும் ஒருங்கே இறங்கும். இதற்காக விசிறியைத் துளைத்தகட்டோடு ஒட்டி வைத்துவிடக் கூடாது. இழுக்கும் பக்கத்தில் தகடு மிக நெருங்கினால் காற்று கலைந்து விசில்போல ஒலிக்கும்.

இரைச்சலைப் பற்றி மேலும் ஒன்று. ஆத்தங்குடிக் கல் பதித்த தரையும், மெருகேற்றிய சுண்ணாம்புச் சுவரும் ஒலியை உறிஞ்சாமல் திருப்பி அனுப்புபவை. விரிப்பும் திரையும் நிறைந்த அறையில் கேட்காத மெல்லிய விசிறிச் சத்தம் இங்கே தெளிவாகக் கேட்கும். ஒரே சீரான ஒலியைக் காது விரைவில் மறந்துவிடும். நொடிக்கொரு தரம் ஏறி இறங்கும் ஒலியை மறக்காது. ஆகவே விசிறி வேகத்தைச் செயலியின் வெப்பநிலையோடு உடனுக்குடன் ஏற்றி இறக்காமல், சில நொடிகள் பொறுத்து மாறும்படி அமைப்பது நல்லது. கோடையில் செம்மண் தூசியும் தகடுகளுக்கிடையே படிந்து வழியை அடைத்துவிடுகிறது. சில மாதங்களுக்கு ஒருமுறை தூரிகையால் அதை அகற்றிவிட வேண்டும்.

சார்ந்த சொற்கள் சிலவற்றை இங்கேயே சொல்லிவிடலாம். செயலிக்கும் வெப்பப்போக்கிக்கும் இடையே தடவுவது வெப்பப்பசை. இரு பரப்புகளுக்கிடையே சிக்கும் காற்று மிக மோசமான கடத்தி என்பதால் அந்த நுண்ணிய இடைவெளிகளை நிரப்புவதே அதன் வேலை. பசை என்றதும் ஒட்டுவதற்கென்று எண்ணி அள்ளிப் பூசிவிடக் கூடாது. செயலியிலிருந்து தகடுகளுக்கு வெப்பத்தைக் கொண்டுபோகும் செப்புக்குழாய் வெப்பக்குழாய். அதனுள் சிறிதளவு நீர் சூடான முனையில் ஆவியாகி, குளிர்ந்த முனையில் மீண்டும் நீராகி, உட்சுவரின் நுண்துளைகள் வழியே திரும்புகிறது. சில வெப்பப்போக்கிகளின் கறுப்பு நிறம் வெறும் வண்ணமன்று. மின்வேதியியல் முறையில் அலுமினியத்தின் மேல் வளர்க்கப்பட்ட ஆக்சைடு படலத்தில் சாயம் ஏற்றியது. 1953இல் திறக்கப்பட்ட, காரைக்குடி மக்கள் சிக்ரி என்று அழைக்கும் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனத்தின் துறையைச் சேர்ந்த நுட்பம் இது. விசிறி இல்லாத வெப்பப்போக்கியில் இந்தப் படலம் கதிர்வீச்சாக வெளியேறும் வெப்பத்தைக் கூட்டும். விசிறி உள்ளதில் அதனால் பெரிய வேறுபாடு இல்லை.

வழக்கில் எழுதும் முறை: ‘செயலியின் வெப்பப்போக்கியைக் கழற்றி, பழைய வெப்பப்பசையைத் துடைத்து, புதிதாக ஒரு துளி இட்டுத் திரும்பப் பொருத்தவும்.’ உலோகப் பகுதியும் விசிறியும் சேர்ந்த முழுக் கருவியைச் சொல்ல ‘விசிறியுடன் கூடிய வெப்பப்போக்கி’. விசிறியே இல்லாததற்கு ‘விசிறியில்லா வெப்பப்போக்கி’.