கிறிஸ்துமஸ் மேசையும் கேமரா ஃபிளாஷும்

ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 25 கழிந்த சில நாட்களில், கொஞ்சம் சரிசெய்து தர முடியுமா என்ற வேண்டுகோளோடு குடும்பப் படங்கள் என்னிடம் வந்து சேர்கின்றன. பெரும்பாலானவற்றில் குறை ஒன்றுதான்: முன்னால் இருப்பவரின் நெற்றி வெளுத்துப் போயிருக்கும், பின்னால் இருக்கும் மரமும் அதன் சிறுவிளக்குகளும் இருளில் மூழ்கியிருக்கும், மெழுகுவர்த்தி ஏற்றிய அறை என்பதற்கான சுவடே இராது. முற்றிலும் வெளுத்த இடத்தில் எந்த விவரமும் பதிவாகவில்லை என்பதால், எந்த மென்பொருளாலும் அதை மீட்டெடுக்க இயலாது என்று சொல்லி அனுப்புவது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

ஃபிளாஷின் ஒளி தூரத்தின் இருமடிக்கு ஏற்பக் குறைந்துகொண்டே போகும். 1 மீட்டரில் அமர்ந்திருப்பவர் மேல் விழும் ஒளியில் நான்கில் ஒரு பங்குதான் 2 மீட்டரில் இருப்பவரை எட்டும். 3 மீட்டரில் அது ஒன்பதில் ஒரு பங்காகிவிடும். நீளமான மேசையின் ஒரு முனையிலிருந்து எடுக்கும்போது அருகில் இருப்பவர் பளிச்சென்றும், மறுமுனையில் இருக்கும் தாத்தா நிழலாகவும் தெரிவது இதனால்தான். ஆகவே ஃபிளாஷை அணைத்துவிடுங்கள்; கேமராவின் ஒளியுணர்திறனைக் குறிக்கும் ஐஎஸ்ஓவை 1600, தேவைப்பட்டால் 3200 வரை உயர்த்துங்கள். படத்தில் சற்றே புள்ளிகள் தெரிந்தாலும் அந்த மாலையின் நிறம் படத்தில் தங்கும். பேசிச் சிரித்துக்கொண்டிருப்பவர்களை எடுக்க ஷட்டர் திறந்திருக்கும் நேரம் 1/125 வினாடிக்கு மிகாமல் இருப்பது நல்லது.

உணவைப் படமெடுக்க இரவு வரை காத்திருக்க வேண்டாம் என்பது என் அழுத்தமான கருத்து. ஒளியின் நிறத்தைக் கெல்வின் என்ற அலகில் சொல்வார்கள்; எண் குறைந்தால் மஞ்சள், கூடினால் நீலம். மெழுகுவர்த்தியின் ஒளி ஏறத்தாழ 1900 கெல்வின், பகல் வெளிச்சம் ஏறத்தாழ 5500 கெல்வின். இரண்டும் ஒரே தட்டில் கலந்தால் ஒரு பக்கம் மஞ்சளாகவும் மறுபக்கம் நீலமாகவும் தெரியும் உணவு யாருக்கும் பசியைத் தூண்டாது. பகலிலேயே கேக்கில் ஒரு துண்டு வெட்டி, அறை விளக்குகளை அணைத்து, ஜன்னலோரம் வையுங்கள். வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து வரும்போது, வெட்டிய முகத்தில் ஒவ்வோர் உலர்திராட்சையும் தன் சிறு நிழலோடு தனித்து நிற்கும், மேலே தூவிய சர்க்கரைப் பொடி மினுமினுக்கும். நிழல் மிக அடர்த்தியாக விழுந்தால், எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளைத் தாளை நிறுத்தினாலே போதுமானது. ஆவி பறக்கும் பாத்திரமாக இருந்தால், வெளிச்சம் பின்னாலிருந்தும் பின்னணி இருண்டும் இருக்கட்டும். அப்போதுதான் ஆவி கண்ணுக்குத் தெரியும்.

இதற்கு 10 நிமிடங்களுக்கு மேல் எடுத்துக்கொள்ளாதீர்கள். சமைத்த உணவை அறை வெப்பநிலையில் 2 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. படத்துக்காக இறைச்சியை மேசையில் காத்திருக்க வைக்கும் நேரமும் அந்தக் கணக்கில்தான் சேரும்.

குழுப் படத்தில் ஓரத்தில் நிற்பவர்களை அகலக் கோண லென்ஸ் இழுத்துப் பருமனாகக் காட்டும் என்பதால், இரண்டடி பின்னால் சென்று எடுங்கள். இரு வரிசையாக நின்றால் லென்ஸின் துளையைக் குறைத்து எஃப் 5.6 அளவாவது வைத்தால்தான் பின்வரிசை முகங்களும் தெளிவாகும். அதைவிட முக்கியமாக, எடுப்பதற்கு முன் தலைகளை எண்ணுங்கள். காலையிலிருந்து அடுப்பருகே நின்றவர் ஒரு படத்தில்கூட இல்லாத தொகுப்புகளை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அவர் பரிமாற வந்து குனியும் கணத்தையே எடுத்துவிடுங்கள். நிற்கச் சொன்னால் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு விலகிப் போய்விடுவார்.

படங்களைப் பொதுவில் பகிரும் முன் செய்ய வேண்டியவை இரண்டு உண்டு. கைபேசியில் இடப்பதிவு இயங்கிக்கொண்டிருந்தால் வீடு இருக்கும் இடம் படக்கோப்பிலேயே எழுதப்பட்டுவிடும். அதைக் கேமரா அமைப்பில் முன்கூட்டியே நிறுத்திவிடலாம். மற்றொன்று, வந்திருந்த குழந்தைகளின் பெற்றோரிடம் அனுமதி கேட்பது. ஒருமுறை நான் கேட்டபோது, ஒரு தாய் தன் மகளின் முகம் தெரியாத ஒரே படத்தைத் தேர்ந்தெடுத்துத் தந்தார்: மேசை விளிம்பைப் பற்றியிருக்கும் இரண்டு சிறு கைகள், அவற்றுக்கு மேல் எரியும் ஒரு மெழுகுவர்த்தி. அந்த ஆண்டில் நான் எடுத்தவற்றுள் எனக்குப் பிடித்தமானது அதுதான்.