ஒரே ராத்திரியில் 121 எப்படி 168 ஆகும்?

"நேத்து 121 தானே தம்பி, ஒரு ராத்திரியில எப்படி 168 ஆச்சு? சீனியே வாங்குறதில்ல, வீட்டுல கருப்பட்டிக் காப்பிதான்." தேவிபட்டினம் பக்கத்திலிருந்து கர்ப்பிணி மருமகளைச் சர்க்கரைச் சோதனைக்கு என் லேபுக்குக் கூட்டி வந்த ஆத்தா கேட்டது இது. கருப்பட்டியும் சர்க்கரைதான். ஆனால் விடை அதில் இல்லை.

முதல் நாள் அந்தப் பெண் குளுக்கோஸ் தண்ணீரைக் குடித்த கால் மணி நேரத்தில் வாந்தி எடுத்திருக்கிறார். சொன்னால் நாளைக்கும் வரச் சொல்வார்கள், ஒரு நாள் கூலி போகும் என்று மறைத்துவிட்டார். கிளம்பும்போது மாமியார் பேச்சுவாக்கில் உளறியதால்தான் தெரிந்தது. மறுநாள் மறுபடி குடிக்க வைத்துப் பார்த்ததில் வந்ததுதான் 168.

இந்தச் சோதனையில் 75 கிராம் குளுக்கோஸை 300 மில்லி தண்ணீரில் கரைத்துப் பத்து நிமிடத்துக்குள் குடிக்க வேண்டும். சாப்பிட்டிருந்தாலும் பரவாயில்லை. இரண்டு மணி நேரம் கழித்து 140 அல்லது அதற்கு மேல் வந்தால் கர்ப்பகாலச் சர்க்கரை. அரை மணிக்குள் வாந்தி வந்தால் அன்றைய சோதனை செல்லாது. முதல் முறை சரியாக இருந்தாலும் 24 முதல் 28 வாரத்துக்குள் மறுபடி பார்க்க வேண்டும். நஞ்சுக்கொடியின் ஹார்மோன்கள் இன்சுலினை மல்லுக்கட்டி நிறுத்தும் காலம் அது.

ரத்தம் எடுத்த பிறகும் ஏமாற்றும். குழாயில் இருக்கும் செல்கள் சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கும். மணிக்கு ஐந்து முதல் ஏழு சதவீதம் குறையும், நம்மூர் வெயிலில் இன்னும் கூடும். 146 இருந்த ரத்தம் பஸ் ஏறி வந்து சேர்வதற்குள் 137 ஆகிவிடலாம். சர்க்கரை குறையாமல் தடுக்கும் மருந்து போட்ட சாம்பல் மூடிக் குழாயில் எடுத்தாலும் முதல் ஒரு மணி நேரம் இந்த இறக்கம் நிற்பதில்லை. ஐஸ் பெட்டி வேண்டும், சீக்கிரம் ரத்தத்தின் திரவப் பகுதியான பிளாஸ்மாவைப் பிரிக்க வேண்டும்.

இப்போது சிலர் 'ஆன்டிஆக்ஸிடன்ட் பேக்கேஜ்' என்ற ரத்தச் சோதனையும் எடுக்கலாமா என்று கேட்கிறார்கள். சர்க்கரை கூடினால் செல்களுக்குள் அவற்றைச் சேதப்படுத்தும் ஃப்ரீ ராடிக்கல் பெருகும் என்பது உண்மை. கர்ப்பகாலச் சர்க்கரை உள்ள பெண்களிடம் அந்தச் சேதத்தைக் காட்டும் மாலோன்டைஆல்டிஹைடு கூடியும், அதைத் தடுக்கும் குளுட்டாதயோன் குறைந்தும் இருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆனால் அந்த எண்ணை வைத்து மருத்துவர் முடிவெடுக்க எல்லைக்கோடு எதுவும் இல்லை. வைட்டமின் சி, ஈ சேர்த்துக் கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வுகளிலும் கர்ப்பகால ரத்த அழுத்தச் சிக்கல் குறையவில்லை. என் லேபுக்கு வருமானம்தான், இருந்தாலும் வேண்டாம் என்றே சொல்கிறேன். HbA1c என்னும் மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியும் கர்ப்பத்தில் தனியாக நம்பத் தக்கதல்ல. சிவப்பணுக்கள் சீக்கிரம் மாறுவதால் குறைத்துக் காட்டும், இரும்புச்சத்துக் குறைவு கூட்டிக் காட்டும்.

கர்ப்பகாலச் சர்க்கரை என்று தெரிந்த பின் பார்க்க வேண்டியது வெறும் வயிற்றில் 95க்குள், சாப்பிட்டு இரண்டு மணியில் 120க்குள். சூடை மீன் குழம்பைக் குறைக்கச் சொல்லவில்லை ஆத்தா, அதன் கீழே இருக்கும் சோற்றைக் குறையுங்கள் என்றேன்.

பிரசவமாகி ஆறு வாரத்தில் வெறும் வயிற்றோடு வந்து இதே 75 கிராமை மறுபடி குடிக்க வேண்டும். வருபவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அந்தப் பெண் வந்தார். ஆத்தா பேரனை மடியில் போட்டுக்கொண்டு சுவர்க் கடிகாரத்தையே பார்த்தபடி இருந்தார். "இன்னும் பத்து நிமிசம், அடக்கிக்க தாயி."