கோடைப் பயிலரங்கில் பாட்டு ஆசிரியரின் குரலுக்கும் ஒரு நாள் வேண்டும்

பள்ளித் தேர்வுகள் முடிந்து கோடை விடுமுறை தொடங்கியதும், இசை ஆசிரியர்களுக்கும் கச்சேரிக் கலைஞர்களுக்குமான பயிலரங்குகளின் அறிவிப்புகள் வரத் தொடங்கிவிடும். மூன்று நாளோ ஐந்து நாளோ நடக்கும் இவற்றில், மூத்த வித்வான் ஒருவர் தம் பாடாந்தரத்தில், அதாவது குரு வழியாகத் தமக்கு வந்த பாட முறையில், உள்ள ஐந்தாறு பாடல்களைச் சொல்லிக்கொடுப்பார். ராக நுட்பங்களைப் பற்றிய உரையும், பல்லவி பாடும் முறை பற்றிய செயல்விளக்கமும் இருக்கும். குரல் சிகிச்சையாளராகிய என்னையும் இடையில் ஒரு வேளை பேச அழைப்பார்கள். அப்படிப் போன இடங்களிலெல்லாம், மதிய உணவு இடைவேளையில் யாராவது ஒரு பாட்டு டீச்சர் என்னை ஓரமாக அழைத்துப்போய், "சாயங்காலம் ஆனா குரல் கம்மிடுது, மேல் ஷட்ஜத்துல பிசிறு தட்டுது" என்று தணிந்த குரலில் சொல்லியிருக்கிறார். வாய்ப்பாட்டைத் தொழிலாகக் கொண்டவர் தம் குரல் பழுதுபடுவதை நாலு பேர் முன்னிலையில் சொல்லத் தயங்குகிறார். அந்தத் தயக்கத்தினாலேயே என்னிடம் வந்து சேர ஓராண்டு தாமதமாகிறது.

குரல்வளைக்குள் இருக்கும் குரல் நாண்கள் மிகச் சிறியவை. அவற்றில் அதிரும் பகுதியின் நீளம் பெண்களுக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர், ஆண்களுக்கு ஒன்றரை சென்டிமீட்டர் மட்டுமே. ஐந்து கட்டைச் சுருதியில் (கட்டை என்பது பாடகர் தம் குரலுக்கேற்ப வைத்துக்கொள்ளும் சுருதியின் அளவு) பாடும் பெண் ஆதார ஷட்ஜத்தை, அதாவது அடிப்படை 'ஸ' ஸ்வரத்தை, பிடிக்கும்போது இந்த நாண்கள் நொடிக்கு 196 முறை ஒன்றோடொன்று மோதுகின்றன. தார ஷட்ஜத்தில், அதாவது மேல் 'ஸ'வில், 392 முறை, அதற்கும் மேலே உள்ள 'ப'வாகிய தார பஞ்சமத்தில் கிட்டத்தட்ட 590 முறை. ஒரு நாளில் மொத்தம் ஒரு மணி நேரம் ஆதார ஷட்ஜத்தை ஒட்டியே குரல் ஒலித்திருந்தால்கூட, ஏழு லட்சத்துக்கு மேற்பட்ட மோதல்கள் நடந்திருக்கும். பழகிய குரல் இதைத் தாங்கும். ஆனால் களைப்பை மீறி அழுத்திப் பாடும்போது, நாணின் அதிரும் பகுதியின் நடுவில், அதாவது மோதல் மிகக் கடுமையாக விழும் இடத்தில், முதலில் வீக்கமும் நாளடைவில் இரு பக்கமும் காய்ப்பு போன்ற முடிச்சுகளும் தோன்றுகின்றன. மண்வெட்டி பிடிக்கும் கையில் காய்ப்பு விழுவதற்கும் இதற்கும் அடிப்படை ஒன்றுதான்.

கச்சேரி செய்பவரைவிடப் பாடம் எடுப்பவருக்கே இந்தச் சேதம் அதிகம் என்பதை என் அனுபவத்தில் உறுதியாகச் சொல்வேன். கச்சேரியில் ஒலிபெருக்கி உண்டு, வயலின்காரர் வாசிக்கும் ஆவர்த்தனங்களில் ஓய்வு உண்டு, மிருதங்கம் போன்ற தாள வாத்தியங்கள் மட்டும் ஒலிக்கும் தனி ஆவர்த்தனம் முடியும்வரை குரலுக்கு முழு விடுப்பு உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, பாடகர் தமக்கு உகந்த கட்டையில் பாடுகிறார். வகுப்பில் இவை எதுவும் கிடையாது. ஒன்று, ஒன்றரைக் கட்டையில் பாடிப் பழகிய ஆண் ஆசிரியர் ஐந்தரைக் கட்டைச் சிறுமிகளுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது, தமக்கு எட்டாத மேல் ஸ்தாயியில் (ஸ்தாயி என்பது ஒரு 'ஸ' முதல் அடுத்த 'ஸ' வரையுள்ள ஏழு ஸ்வர வரிசை) கத்துகிறார், அல்லது ஒரு ஸ்தாயி இறக்கி, சரியாக ஒலிக்காத கீழ் ஒலிகளில் தொண்டையை நசுக்குகிறார். போதாததற்கு இப்போது, அமெரிக்கக் குழந்தைகளுக்காக விடியற்காலை ஐந்தரை மணிக்கே இணைய வகுப்புகள் தொடங்கிவிடுகின்றன. ஒலி தாமதமாகப் போய்ச் சேருவதால் குழந்தையோடு சேர்ந்து பாட முடியாது. ஒவ்வொரு வரியையும் ஆசிரியர் தனியே, பெரும்பாலும் உரத்த குரலில், தூங்கி எழுந்த தொண்டையோடு பாடவேண்டியிருக்கிறது.

பயிலரங்கில் நான் முதலில் செய்யச் சொல்வது ஓர் எண்ணிக்கைதான். ஆசிரியர்கள் இருவர் இருவராக அமர்ந்து, ஒருவர் மற்றவருக்குப் ஸ்வரங்களை இரட்டை இரட்டையாகப் பாடும் தொடக்கப் பயிற்சியான ஜண்டை வரிசையைப் பத்து நிமிடம் பாடம் எடுக்க வேண்டும். மூன்றாமவர் ஒருவர் கையில் தாளோடு அருகில் இருந்து, ஆசிரியர் குரல் எழுப்பும் ஒவ்வொரு முறையும் ஒரு கோடு போட வேண்டும். முடிந்ததும் தாளைப் பார்க்கும் ஆசிரியர்களின் முகம் மாறிவிடும். மாணவர் பாடும் வரியைத் தாமும் கூடவே பாடியது, தவறு வருவதற்கு முன்பே இடைமறித்துப் பாடியது, "ம்ம், அடுத்தது" என்று கூவியது எல்லாம் கோடுகளாக அங்கே நிற்கும். பிறகு அதே பாடத்தை வேறு விதமாக எடுக்கச் சொல்வேன்: வரியை இரண்டு முறை மட்டும் பாடிக் காட்டிவிட்டு, சுருதிப்பெட்டியை ஒலிக்கவிட்டு, கையால் தாளம் மட்டும் போட்டுக்கொண்டு, மாணவர் தானாகப் பாடி முடிக்கும்வரை வாயைத் திறக்கக் கூடாது. அனுபவமிக்க ஆசிரியர்களுக்கே இது கடினமாக இருக்கிறது. மாணவரின் குரல் தடுமாறும்போது தாங்கிப் பிடிக்க வேண்டும் என்ற பாசம்தான் காரணம். அதை நான் குறையாகச் சொல்லவில்லை.

அடுத்து, அரை டம்ளர் தண்ணீரும் ஓர் உறிஞ்சுகுழலும் ஆளுக்கொன்று கொடுப்போம். குழலின் முனை தண்ணீருக்குள் இரண்டு விரற்கடை மூழ்கியிருக்க, உதடுகளை இறுக்கமாக மூடி, குமிழிகள் எழும்படி மெல்ல 'ஊ' என்று ஒலித்துக்கொண்டே ஸ்தாயியில் ஏறி இறங்க வேண்டும். அமெரிக்கக் குரலியல் அறிஞர் இங்கோ டிட்ஸேயின் ஆய்வுகளால் உலகெங்கும் பரவிய பயிற்சி வகை இது. குறுகிய குழலில் காற்று தடைபடும்போது உண்டாகும் எதிர்அழுத்தம் நாண்களைச் சற்றே விலக்கிப் பிடிப்பதால், அவை மோதும் வேகம் தணிகிறது. இரண்டு வகுப்புகளுக்கு நடுவே ஐந்து நிமிடம் இதைச் செய்தால் களைத்த குரல் இலகுவதைப் பலர் அன்றைக்கே உணர்கிறார்கள்.

பனங்கற்கண்டு, மிளகு, தேன் பற்றிய கேள்வி தவறாமல் வரும். அவை தொண்டைக்கு இதமளிக்கும், தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். ஆனால் விழுங்கும் எதுவும் உணவுக்குழாய் வழியே போகிறதே தவிர, குரல் நாண்களைத் தொடுவதில்லை. உடலில் நீர்ச்சத்து குறையாமல் இருப்பதே நாண்களை ஈரமாக வைக்கும். அக்கினி நட்சத்திர வெயிலில், குளிரூட்டிய அறையில் நாள் முழுதும் வகுப்பெடுப்பவர் இதை மறக்கக் கூடாது. தொண்டையை மரத்துப்போகச் செய்யும் மிட்டாய்களை வாயில் அடக்கிக்கொண்டு பாடவே வேண்டாம். வலி தெரியாவிட்டால் எங்கே நிறுத்துவது என்றும் தெரியாது. குரல் கம்மல் மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போய், உள்நோக்கிக் கருவியால் நாண்களை நேரடியாகப் பார்த்துவிட வேண்டும். முடிச்சு என்றதும் அறுவை சிகிச்சை என்று அஞ்ச வேண்டியதில்லை. முதல் சிகிச்சை குரல் பயிற்சிதான், பெரும்பாலோருக்கு அதுவே போதும்.

பாட்டு சொல்லிக்கொடுப்பதும் தனியே கற்க வேண்டிய கலை என்பது நம் முன்னோர் அறியாததல்ல. சென்னை மியூசிக் அகாடமி 1931-ஆம் ஆண்டிலேயே இசை ஆசிரியர்களுக்கென்று ஒரு கல்லூரியைத் தொடங்கி, புகழ்பெற்ற கர்நாடக இசைப் பாடகர் டைகர் வரதாச்சாரியாரை அதற்கு முதல்வராக்கியது. இன்று பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுக்க பி.எட். படித்து, உண்மையான வகுப்பறையில் பயிற்சியும் பெற்றாக வேண்டும். வீட்டில் நாற்பது பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுப்பவருக்கு அப்படி ஒரு வாய்ப்பு கிடைப்பது ஏறக்குறைய இந்தக் கோடைப் பயிலரங்கில் மட்டுமே. ஆகவேதான் எனக்கு மனம் வருந்துகிறது. ஓர் ஊரில், கீர்த்தனை வகுப்பு நீண்டுபோனதால், எனக்கு ஒதுக்கிய மூன்று மணி நேரம் இருபது நிமிடமாகச் சுருங்கியது. கீர்த்தனையைப் பதிவுசெய்து வீட்டில் கேட்டுக் கற்றுக்கொள்ள முடியும். பாடம் எடுக்கும் முறையைச் சக ஆசிரியர்கள் பார்த்துத் திருத்துவது அந்த அரங்கில் மட்டும்தான் முடியும். ஐந்து நாள் பயிலரங்கில் ஒரு நாளை இதற்கென்று ஒதுக்குங்கள், அன்று உண்மையான குழந்தைகள் நாலைந்து பேரையும் வரவழையுங்கள் என்று அமைப்பாளர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் இரு பக்கமும் முடிச்சோடு என்னிடம் வந்த ஓர் ஆசிரியை, சில மாதப் பயிற்சியில் குரலை மீட்டுக்கொண்டு, அடுத்த மே மாதம் பயிலரங்குக்கு வந்திருந்தார். மற்றவர்கள் முன்னிலையில் எட்டு வயதுச் சிறுமி ஒருத்திக்கு மாயாமாளவகௌளை ராகத்தில் முதல் பாடமான சரளி வரிசை எடுக்கச் சொன்னோம். சிறுமியின் காந்தாரம், அதாவது 'க' ஸ்வரம், சற்று இறங்கி ஒலித்தது. ஆசிரியை பாடித் திருத்தவில்லை. தாளத்தை நிறுத்திவிட்டு, சுருதிப்பெட்டியின் பக்கம் கையைக் காட்டினார். குழந்தை கொஞ்ச நேரம் கண்ணை மூடிக் கேட்டது. பிறகு 'ஸ ரி' என்று மெதுவாகத் தொடங்கி, காந்தாரத்தை அதன் இடத்தில் தானாகவே கொண்டுபோய் நிறுத்தியது.